பாத்திரத்தின் பெயரில் வாழ்ந்தவர்கள்
இலங்கை வானொலியின் வீட்டு நாடகங்களும் வன்னிச் செவியும்

ஜேசுரட்ணம் என்று தனியே சொன்னால், இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறையிலும் பலர் யோசிப்பார்கள். ‘முகத்தார்’ ஜேசுரட்ணம் என்றால் யோசிக்கமாட்டார்கள். ராமதாஸ் ‘மரிக்கார்’ ராமதாஸ் ஆனார். ராஜகோபால் ‘அப்புக்குட்டி’ ஆனார். செல்வசேகரன் ‘உபாலி’ ஆனார். திரைப்பட நடிகருக்குப் பட்டம் கொடுப்பார்கள், சிலைகூட வைப்பார்கள். ஆனால் நடித்த பாத்திரத்தின் பெயரை அவருடைய சொந்தப் பெயருக்கு முன்னால் ஒட்டி, காலம் முழுக்க அதை முதலெழுத்துப் போலப் பாவிக்கும் வழக்கம் இலங்கையில் வானொலி நடிகர்களோடுதான் நிலைத்தது. முகம் தெரிந்த நடிகரிடம் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். குரல் மட்டுமே தெரிந்தவரை எதைப் பிடித்து நினைப்பது? பாத்திரத்தைப் பிடித்துத்தான்.

இந்தக் குரல்கள் எப்படி உருவாயின, மல்லாவி போன்ற வன்னிப் பெருநில ஊர்களில் அவை எப்படிக் கேட்கப்பட்டன, போர் வந்தபோது அந்தப் பாத்திரங்கள் யாரோடு போயின என்பவற்றையே இக்கட்டுரை பார்க்கிறது. இவற்றில் மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் இழுக்கிறது. வெளிநாட்டுத் தொடர்களுக்கு நேர்ந்ததற்கு ஏறக்குறைய நேர்மாறான ஒன்று இங்கே நடந்தது.

முதலில் விதானையார். இலங்கையர்கோன் என்ற பெயரில் எழுதிய த. சிவஞானசுந்தரம் (1915–1961) ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவர். அரசாங்க நிருவாக உத்தியோகத்தர். கச்சேரியும் காணிப் பிணக்கும் விதானைமாரும் அவருக்கு அன்றாடம். அவர் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ என்ற வானொலித் தொடர், யாழ்ப்பாணத்துக் கிராமத் தலைமைக்காரர் ஒருவரின் வீட்டுத் திண்ணையையும் அடுப்படியையும் வானலையில் கொண்டுவந்தது. விதானையாராக அதில் குரல் கொடுத்தவர் கார்த்திகேசு சிவத்தம்பி. பின்னாளில் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகம் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற அதே பேராசிரியர்தான். 1932இல் கரவெட்டியில் பிறந்தவர். விதானையாராகப் பேசிய நாட்களில் அவர் இளைஞர். ஊரைக் கட்டி ஆளும் வயதான மனிதரின் இருமலையும் இழுப்பையும் அதட்டலையும், எதிராளி பதில் சொல்லுமுன் விடுகின்ற அந்த ‘ம்’ஐயும் இருபதுகளில் நின்ற ஒருவர் தந்தார். மேடையானால் நரைத்த முடியும் கோடு போட்ட நெற்றியும் உதவியிருக்கும். ஒலிவாங்கிக்கு முன்னால் ஒப்பனை இல்லை. அவருடைய பிற்கால நாடக ஆய்வுகளைப் படிக்கும்போது, பேச்சின் ஓசையில் அவர் காட்டும் அக்கறைக்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது என் ஊகம் மட்டுமே.

இந்தப் பேச்சு வானொலியில் திடீரென்று முளைத்ததில்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1930களிலும் 40களிலும் ‘உடையார் மிடுக்கு’, ‘முருகன் திருகுதாளம்’ முதலான நாடகங்களை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் எழுதி, பல்கலைக்கழகத் தமிழ் மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். ‘நானாடகம்’ 1940இல் நூலாகவும் வந்தது. செந்தமிழில் பேசினால்தான் நாடகம் என்ற எண்ணத்தை முதலில் உடைத்தவர் அவர். அந்த வழியை வானொலிக்குள் அகலப்படுத்தியவர் ‘சானா’ என்று எல்லோரும் அழைத்த எஸ். சண்முகநாதன். நாடகத் தயாரிப்பாளர், ஓவியர், ‘பரியாரி பரமர்’ போன்ற நடைச்சித்திரங்களை எழுதியவர். ஓவியரின் கண்ணும் ஊர்க்கதை சொல்பவரின் காதும் ஒரே ஆளிடம் இருந்ததால், ஒரு மனிதரை இரண்டு வசனத்தில் வரைந்துவிடும் எழுத்து அவருக்குக் கைவந்தது. ‘லண்டன் கந்தையா’ என்ற வானொலி நாடகத்தின் பெயரைச் சொன்னால் இன்றும் கூடவே சானாவின் பெயர் வரும்.

கூத்து நடிகரின் குரலுக்கும் இந்தக் குரலுக்கும் இருந்த தூரத்தையும் கவனிக்க வேண்டும். வன்னியில் கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் விடியவிடிய நடக்கும். வெட்டவெளியில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, மேல்தொண்டையில் எடுத்துப் பாடுவார்கள். ‘அரிச்சந்திர மயான காண்ட’த்தால் பெயர்பெற்ற நடிகமணி வி. வி. வைரமுத்துவின் இசைநாடகக் குரலும் அந்த வெளிக்கென்றே பழகிய குரல்தான். வானொலியின் வீட்டு நாடகம் இதற்கு எதிரானது. இங்கே கேட்பவர் ஒரு முழத் தூரத்தில் இருக்கிறார். கத்தினால் கெட்டுப்போகும். கணவனுக்குக் கேட்காமல் மனைவி தனக்குள் முணுமுணுப்பதை ஊர் முழுக்கக் கேட்க வைக்க வேண்டும், அது முணுமுணுப்பாகவும் இருக்க வேண்டும். கூத்து மேடையால் முடியாத காரியம் இது.

கலையகத்தில் இது எப்படி நடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. நடிகர்கள் கையில் பிரதியோடு ஒலிவாங்கியைச் சுற்றி நிற்பார்கள். தாள் சரசரத்தால் அந்தச் சத்தமும் ஒலிபரப்பாகிவிடும். அதனால் தாள்களைக் குத்தி இணைக்காமல் தனித்தனியாக வைத்துக்கொண்டு, பேசி முடித்ததை ஓசையில்லாமல் பின்னுக்குத் தள்ளுவார்கள். ‘ப’, ‘ஃப்’ போன்ற ஓசைகளின் காற்று நேரே ஒலிவாங்கியில் மோதினால் ‘டொப்’ என்று வெடிக்கும். முகத்தைச் சற்றுத் திருப்பிப் பேசப் பழக வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் முற்றத்துக்கு வருகிறார் என்றால், நடிகர் நாலடி தள்ளி நின்று பேசத் தொடங்கி நடந்து நெருங்குவார். கேட்பவர் மனதில் வீட்டின் நீள அகலம் அதிலேதான் உருவாகும். ஒருநாள் நாடகத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். தொடர் நாடகத்துக்கு இன்னொன்று தேவை. போன கிழமை பேசிய அதே வயதில், அதே அலுப்பில், அதே மூச்சில் இந்தக் கிழமையும் பேச வேண்டும். தடிமன் பிடித்தாலும் பாத்திரத்துக்குத் தடிமன் வரக்கூடாது. மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஒரே குரலை வைத்திருப்பதுதான் இந்தக் கலையின் மிகக் கடினமான பகுதி. அதை யாரும் பாராட்டுவதில்லை. பாராட்டத் தோன்றாதபடி இயல்பாக இருந்தால்தானே அது வெற்றி.

இனி மல்லாவிக்கு வருவோம். முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரிவில், பாலியாற்றை மறித்து நிற்கும் வவுனிக்குளத்துக்கு அருகே இருக்கிறது மல்லாவி. 1950களில் குளம் திருத்தப்பட்டு நீர்ப்பாசனக் குடியேற்றம் தொடங்கியபோது யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணியற்ற குடும்பங்கள் வந்தன. 1958, 1977 கலவரங்களுக்குப் பின் வன்னியின் பல பகுதிகளுக்கு மலையகத்திலிருந்தும் மக்கள் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களுக்குக் காடு வெட்டுவதும் வரம்பு கட்டுவதும் வேலை. பொழுதுபட்டால் மின்சாரம் இல்லை, படமாளிகை இல்லை. பற்றறியில் ஓடும் ரான்சிஸ்டர் இருந்தது. யானை வராமல் வயற்காவலுக்குப் பரண் ஏறுபவருக்கும் அது துணை. ஒரு வளவில் ஒரு றேடியோ இருந்தால் நாலு வளவுக்கு அதுதான் நாடகக் கொட்டகை.

விவசாயிகளுக்கென்று தனியே ஒரு நிகழ்ச்சியும் இருந்தது. விவியன் நமசிவாயம் பொறுப்பாக நடத்திய ‘கிராம சஞ்சிகை’. உரம், விதை, பூச்சி என்று கமத்தொழில் பேசும் நிகழ்ச்சிகளைக் குடும்பக் கதைக்குள் வைத்துச் சொன்னால்தான் ஆட்கள் கேட்பார்கள் என்பது உலகமெங்கும் வானொலிக்காரர் கண்ட உண்மை. பி.பி.சி.யின் ‘த ஆர்ச்சர்ஸ்’ பிறந்ததும் இந்தத் தேவையில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பங்கீட்டுக் காலத்தில் விளைச்சலைக் கூட்டும் வழிகளை விவசாயிகளுக்குச் சொல்ல, கொட்ஃப்ரி பேஸ்லி என்ற தயாரிப்பாளர் விவசாய அமைச்சின் ஒத்துழைப்போடு ஒரு பண்ணைக் குடும்பத்தின் கதையைத் தொடங்கினார். 1950இல் சோதனை ஒலிபரப்பு. 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும். இன்றும் ஓடுகிறது. அதில் ஃபில் ஆர்ச்சராக நடித்த நோர்மன் பெயின்ரிங் சோதனை ஒலிபரப்பிலிருந்து 2009இல் இறக்கும்வரை அதே பாத்திரம்தான். பெகியாக நடித்த ஜூன் ஸ்பென்சர் 2022இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 103. ஒரு மனிதக் குரல் இளமையிலிருந்து முதுமைக்குப் போவதை ஒரு நாடே காதால் கேட்டது. 1955 செப்ரெம்பர் 22ஆம் திகதி, போட்டித் தொலைக்காட்சியான ஐ.ரி.வி. தொடங்கிய அன்றிரவு, கதையில் ஃபில்லின் இளம் மனைவி கிரேஸை எழுத்தாளர்கள் தீயில் சாகடித்தார்கள். நேயர்கள் உண்மையான சாவு போலத் துக்கப்பட்டார்கள். மறுநாள் பத்திரிகைகளில் தொலைக்காட்சியின் பிறப்பை வானொலிப் பாத்திரத்தின் சாவு பின்னுக்குத் தள்ளியது.

இலங்கை வானொலியின் ‘முகத்தார் வீடு’ தொடரும் அப்படியொரு வீடுதான், அளவில் சிறியது. எஸ். ஜேசுரட்ணம் அந்த வீட்டின் தலைவர். அவருடைய முகத்தார் கதாநாயகர் இல்லை. நல்லது சொல்வார், பிழையாகவும் சொல்வார். கோபம் வரும், மனைவியிடம் தோற்பார், பிறகு தோற்கவில்லை என்பது போலத் தொண்டையைச் செருமுவார். ‘இஞ்சாருங்கோ’ என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும் வெளியே வீரம் பேசிக்கொண்டிருந்தவரின் சுருதி இறங்கும் இடத்தில்தான் கேட்டவர்கள் சிரித்தார்கள். வசனத்தில் எழுதமுடியாத பகிடி அது, குரல்தான் எழுத வேண்டும். கமக்காரக் குடும்பங்களுக்கு இந்த மனிதர் பக்கத்து வளவுக்காரர். அவர் சொன்ன உரக்கணக்கை வைத்து வயலில் விவாதம் நடந்திருக்கும் என்று நம்ப எனக்குத் தயக்கமில்லை. ஜேசுரட்ணம் பின்னர் ‘வாடைக்காற்று’ (1978) திரைப்படத்திலும் நடித்தார். முகத்தைத் திரையில் பார்த்த பிறகும் மக்கள் முகத்தார் என்றே சொன்னார்கள். குரல் முந்திக்கொண்டது.

வர்த்தக சேவை இதற்கு வேறொரு நிறம் கொடுத்தது. 1950 செப்ரெம்பரில் தொடங்கிய வர்த்தக ஒலிபரப்பு விளம்பரதாரரின் பணத்தில் ஓடியது. தொடர்நாடகத்துக்கு ஓர் அனுசரணையாளர் கிடைத்தால் ஒழுங்காக நடக்கும். இல்லையென்றால் நிற்கும். உலகெங்கும் இப்படித்தான். அமெரிக்காவில் குடும்பத் தொடர்களுக்குச் ‘சோப்’ என்ற பெயர் ஒட்டியதே சவர்க்கார நிறுவனங்கள் பணம் கொடுத்ததால். இலங்கையில் மக்கள் வங்கி முன்வந்தது. சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ அப்படி ஒலித்த தொடர்.

செல்வராசன் (1933–1995) ‘தான்தோன்றிக் கவிராயர்’ என்ற பெயரில் அங்கதக் கவிதை எழுதியவர், பத்திரிகையாளர், கம்பீரமான குரலுக்குச் சொந்தக்காரர். ‘தணியாத தாகம்’ முதலில் திரைப்படச் சுவடியாக எழுதப்பட்டது என்பது சுவையான செய்தி. கண்ணுக்கென்று எழுதிய கதை காதுக்கு மாறியது. திரையில் ஒரு காட்சியில் காட்டியிருக்கக்கூடிய வறுமையை வானொலியில் யாராவது பேசிக் காட்ட வேண்டும், அதுவும் முறைப்பாடாகத் தொனிக்காமல். இந்த வேலையைச் சுமந்தவர்களில் கே. எஸ். பாலச்சந்திரன், விஜயாள் பீற்றர், கமலினி செல்வராசன் ஆகியோரைச் சொல்ல வேண்டும். நகைச்சுவைக் குரல்களை மக்கள் பெயர் வைத்து நினைத்தார்கள். இந்தத் தொடரை அழுத நினைவாக வைத்திருக்கிறார்கள். இரண்டும் வேறு வகை வெற்றி. நடிகர் என்ற கணக்கில் பார்த்தால் இரண்டாவதுதான் கடினம் என்பது என் கட்சி. சிரிப்பை வசனம் பாதி தூக்கிக்கொடுக்கும். அழுகைக்கு அப்படி இல்லை. ஒலிவாங்கி முன்னால் விம்மினால் பொய்யாகவே கேட்கும். அழுகையை அடக்கிக்கொண்டு வேறு எதையோ கதைக்கும் குரல்தான் கேட்பவரை அழவைக்கும்.

பாலச்சந்திரன் (1944–2014) சிவத்தம்பியைப் போலவே கரவெட்டிக்காரர். ‘கிராமத்துக் கனவுகள்’, ‘வாழப் பிறந்தவர்கள்’ என்று தொடர்களை எழுதியும் இருக்கிறார். ஆனால் ஊருக்கு அவர் ‘அண்ணை றைற்’தான். அது தனிநபர் நாடகம். யாழ்ப்பாணத்து பஸ் கொண்டக்டர் ஒருவர், அவரோடு மல்லுக்கட்டும் பயணிகள், கூடை வைத்திருக்கும் ஆச்சி, மிதிபலகையில் தொங்கும் பொடியன், எல்லாம் ஒரே மனிதரின் தொண்டைக்குள். மேடையில் செய்ததுதான், ஆனாலும் கசெற்றாகக் கேட்டபோது ஒன்றும் குறையவில்லை. வானொலி நடிகர் மேடைக்குப் போனால் இப்படித்தான் போவார் போலும். உடம்பைக் காட்டுவதற்கில்லை, ஒரு பஸ் நிறைய ஆட்களைக் குரலால் ஏற்றி இறக்குவதற்கு.

‘கோமாளிகளின் கும்மாளம்’ பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். எஸ். ராமதாஸ் எழுதிய இந்த நகைச்சுவைத் தொடரின் நான்கு முக்கிய குரல்களும் நான்கு விதத் தமிழ். மரிக்கார் முஸ்லிம் தமிழ் பேசுவார். அந்தக் குரல் ராமதாஸ் என்ற இந்துவுடையது. பிராமணப் பேச்சுப் பேசும் ஐயர், பி. எச். அப்துல் ஹமீட் என்ற முஸ்லிம். உபாலி சிங்களவரின் கொச்சைத் தமிழ் பேசுபவர், பேசியவரோ செல்வசேகரன் என்ற தமிழர். அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழ் மட்டுமே ரி. ராஜகோபாலுக்குச் சொந்த வீட்டுப் பேச்சுக்கு அண்மையானது. மற்ற மூவரும் அடுத்த சமூகத்தின் நாக்கை வாங்கிக்கொண்டு வந்து பேசினார்கள், அந்தந்தச் சமூகத்தவரும் சேர்ந்து சிரித்தார்கள். 1976இல் ‘கோமாளிகள்’ என்று திரைப்படமாகவும் வந்து, இலங்கைத் தமிழ்ப் படங்களில் நன்றாக ஓடியவற்றில் ஒன்றாயிற்று. படத்தைப் பார்த்தால் ஒன்று விளங்கும். கண்ணுக்குத் தெரியாதபோது இந்த வேடமாற்றம் விளையாட்டாக இருந்தது. தொப்பியும் பூணூலும் தெரிந்தவுடன் அது வேடமாகத் தெரிகிறது. இனக்கேலி என்று இன்றைக்கு ஒரு விமர்சகர் சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் ஒருவரைக் கேலி செய்வதற்கு அவருடைய பேச்சை நுணுக்கமாகக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். 1983 கலவரத்துக்குப் பிறகு அப்படிக் காது கொடுப்பதற்கே ஆளில்லாமல் போனது.

இந்த நால்வரின் தமிழில் வன்னித் தமிழ் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெயர்பெற்ற தொடர்களை எடுத்தால் விதானையார் யாழ்ப்பாணம், முகத்தார் யாழ்ப்பாணம், கந்தையா லண்டன் போனாலும் யாழ்ப்பாணம். மலையகத்துக்கு என். எஸ். எம். இராமையா போன்றவர்களின் வானொலி எழுத்து ஓரளவு இடம் வாங்கிக் கொடுத்தது. வன்னி கேட்டுக்கொண்டேயிருந்தது. ‘பண்டாரவன்னியன்’ நாடகத்தை எழுதிய முல்லைமணி போன்றவர்கள் மேடையில் வன்னியின் கதையைச் சொன்னார்கள், அதுவும் வீரகதை. வரம்பில் நின்று தண்ணீர் முறைக்குச் சண்டை பிடிக்கும் வன்னிக் குடும்பம் ஒன்றின் பேச்சு, கிழமைக்குக் கிழமை நாடு முழுவதும் கேட்கும் தொடராகவில்லை. குடாநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு முகத்தாரின் பேச்சு விட்டுவந்த ஊரின் பேச்சு. தலைமுறையாக வன்னியில் வாழ்ந்தவருக்கும் மலையகத்திலிருந்து வந்தவருக்கும் அது இன்னொருவரின் வீடு. ஆனாலும் அந்த வீட்டு வாசலில் போய் இருந்தார்கள்.

பெண் குரல்களுக்கு நடந்த அநியாயம் வேறு. மரிக்கார், முகத்தார், உபாலி, அப்புக்குட்டி என்று பாத்திரப் பெயர் ஒட்டியதெல்லாம் ஆண்களுக்கு. முகத்தாரைத் தோற்கடித்த மனைவியின் குரலை எல்லோரும் நினைக்கிறார்கள், அந்த மனைவியின் பெயரால் எந்த நடிகையும் அழைக்கப்படவில்லை. பிலோமினா சொலமன், விஜயாள் பீற்றர் போன்றவர்கள் தாயாக, மாமியாக, கைம்பெண்ணாக, மருமகளாக மாறி மாறிப் பேசினார்கள். இளம் வயதில் நாடகக் குரலாக வந்த ராஜேஸ்வரி சண்முகம் அறிவிப்பாளராகத்தான் பெரும்புகழ் பெற்றார். தன் பெயரைத் தானே ஒலிவாங்கியில் சொல்லும் வாய்ப்பு அறிவிப்பாளருக்கு இருந்தது. தொடர்களின் தலைப்பைப் பார்த்தாலும் இது தெரியும். விதானையார் வீட்டில், முகத்தார் வீடு, பின்னர் பாலச்சந்திரன் கனடாவில் செய்த ‘வாத்தியார் வீட்டில்’. வீடு எப்போதும் ஆணின் பெயரில், வீட்டுக்குள் நடக்கும் கதை பெரும்பாலும் பெண்ணின் வாயில். அரசாங்க அதிகாரமுள்ள விதானையிலிருந்து ஊர்ப் பெரியவருக்கும், அங்கிருந்து வாத்தியாருக்கும் வீட்டுத் தலைவர் இறங்கி வந்ததை வேண்டுமானால் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். 1963இல் விதானை முறையே ஒழிந்து கிராமசேவகர் வந்தார். வானொலிக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

பிறகு போர். 1990க்குப் பின் வன்னிக்குப் போகும் பொருட்கள் மீது தடை வந்தபோது, தடைப்பட்டியலில் பற்றறியும் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாகவோ நிறுத்துகட்டையிலோ நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்டார்கள். சுற்றும் வேகம் குறைந்தால் குரல் அமுங்கும். 1995 ஒக்ரோபர் 30இல் தொடங்கிய வலிகாமப் பெயர்வும், 1996இல் கிளிநொச்சி இராணுவத்தின் கையில் வீழ்ந்ததும் மல்லாவியைப் பெருக்க வைத்தன. அலுவலகங்களும் பாடசாலைகளும் குடும்பங்களும் அங்கே வந்து சேர்ந்தன. அவ்வளவு பேர் இருந்தும், கை நோகச் சுற்றிக் கிடைத்த மின்சாரத்தில் நாடகம் கேட்க யாருக்கு மனம் வரும்? செய்திதான். மாலையில் லண்டனிலிருந்து தமிழோசை, மணிலாவிலிருந்து வேரித்தாஸ், 1990 நவம்பரில் தொடங்கிய புலிகளின் குரல். புலிகளின் குரல் நாடகங்களையும் ஒலிபரப்பியது. ஆனால் அது இயக்கத்தின் வானொலி. வீட்டுச் சண்டைக்கும் உரக்கணக்குக்கும் அங்கே முன்னிடம் கிடைக்காது. 2008இல் மல்லாவியும் வெறுமையானது. வீட்டு நாடகத்துக்கு வீடு வேண்டும், இரு பக்கத்திலும், ஒலிவாங்கிக்கு முன்னாலும் றேடியோவுக்கு முன்னாலும்.

இந்தக் காலத்துக்குள் குரல்கள் சிதறிவிட்டன. ஜேசுரட்ணம் பாரிஸ் போனார். பாலச்சந்திரன் ரொறன்ரோ போனார். ராமதாஸ் சென்னைக்குப் போனார். இங்கேதான் வெளிநாட்டுத் தொடர்களோடு ஓர் ஒப்பீடு உதவும்.

அமெரிக்காவில் 1987இல் தொடங்கி இன்றுவரை வரும் ‘அட்வென்சர்ஸ் இன் ஒடிசி’ என்ற குடும்ப ஒலிநாடகத் தொடரின் மையம் விற்றேக்கர் என்ற அன்பான கிழவர். அந்தக் குரல் ஹல் ஸ்மித் என்ற நடிகருடையது. 1994 ஜனவரியில் அவர் இறந்தார். தயாரித்த கிறிஸ்தவ நிறுவனம் பாத்திரத்தைச் சாகவிடவில்லை. கதைப்படி கிழவரை மத்திய கிழக்குக்கு அனுப்பி வைத்தார்கள், இடைவெளி விட்டார்கள். பிறகு போல் ஹேர்லிங்கர் என்ற வேறு நடிகரின் குரலில் அவரைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஹேர்லிங்கர் ஓய்வு பெற்றபின் மூன்றாவதாக அன்ட்ரே ஸ்ரோய்கா வந்தார். நேயர்களுக்குள் எந்தக் குரல் உண்மையான விற்றேக்கர் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் விற்றேக்கர் இருக்கிறார். பாத்திரம் நிறுவனத்தின் சொத்து, நடிகர் வருவார் போவார். ஆர்ச்சர்ஸிலும் இப்படித்தான் பல பாத்திரங்களுக்குக் குரல் மாறியது.

நம்முடைய கதை நேர்மாறு. நிறுவனம் கொழும்பில் அதே கட்டடத்தில் இருந்தது. 1967இல் கூட்டுத்தாபனமாகி, 1972இல் பெயர் மாறி, தமிழ்ச் சேவையும் தொடர்ந்தது. பாத்திரங்கள்தான் நடிகரோடு கிளம்பிவிட்டன. முகத்தார் பாரிஸில் முகத்தாராகவே இருந்தார். கொழும்பில் இன்னொருவரை முகத்தாராக்க முடியவில்லை, ஆக்கினாலும் யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். ரொறன்ரோவில் பாலச்சந்திரன் கட்டிய வாத்தியார் வீட்டில், பனிக்காலத்தையும் பிள்ளைகளின் ஆங்கிலத்தையும் பற்றிய சண்டைகள் பழைய யாழ்ப்பாணத் தொனியில் நடந்தன. கேட்டவர்களில் கணிசமானோர் வன்னி வழியாக இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்று நினைக்க இடமுண்டு. சொத்துரிமை என்று பார்த்தால் இது குழப்பம். கலை என்று பார்த்தால், பெயரோடு ஒட்டிய பாத்திரத்தை யாராலும் பிரிக்க முடியாது என்று நேயர்கள் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டிருந்தார்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு. விற்றேக்கர் இறந்த நடிகரைத் தாண்டி வாழ்கிறார். நம்முடைய பாத்திரங்கள் நடிகரோடு முடிகின்றன. பாலச்சந்திரன் 2014 பெப்ரவரியில் இறந்தபோது ஒரு பஸ் நிறைய ஆட்களும் போனார்கள்.

மிஞ்சியிருப்பவை அச்சிலும் கசெற்றிலும். நாடகப் பிரதிகள் சில நூலாக வந்தன. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி வருவதால் அவற்றில் பலவற்றை மல்லாவியிலிருந்தும் கைப்பேசியில் படிக்கலாம். நாடகமும் அரங்கியலும் இலங்கைப் பாடசாலைகளில் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் பாடம். மேடை நாடகம் போட மண்டபமும் உடுப்பும் ஒளியும் வேண்டும் என்று தயங்கும் வன்னிப் பாடசாலை ஒன்றுக்கு, ஒலிநாடகத்துக்கு ஒரு கைப்பேசியும் மூடிய அறையும் போதும். ‘விதானையார் வீட்டில்’ போன்ற பழைய பிரதி ஒன்றை எடுத்துத் தொடங்கலாம். விதானையாரின் யாழ்ப்பாணப் பேச்சை அப்படியே பேசுவதா, அல்லது வவுனிக்குளத்துத் தண்ணீர் முறையில் முட்டுப்படும் கமக்காரர் அமைப்புத் தலைவர் ஒருவரின் வீடாக, அதுவும் அவருடைய மனைவியின் பெயரிலேயே, எழுதுவதா என்பதை அந்தப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும்.